ஃபோர்மேனின் முழங்கை உயரம்

செப்டம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். காவிரித் தண்ணீர் விடும் நாள் என்பதால் முதல் வேலையாக தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. பால் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தேன். மருத்துவர் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சிகளைச் செய்தேன். இடப்பக்கம் திரும்பும்போது முந்தைய நாளைவிட இறுக்கமாக இருந்தது. அதை நாட்குறிப்பில் எழுதினேன். செய்தித்தாளைப் படித்து மடித்து வைத்துவிட்டு, குளித்து, இட்லி சாப்பிட்டு, கீழே இறங்கி கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினேன். பின்சுவரில் நான்கு மரக்கால்கள் சாய்ந்து நின்றன. பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த கதவு நிலையிலிருந்து நானே இழைத்து எடுத்தவை. நான்கும் நாற்பது அங்குலத்துக்கு மேல் நீளம். அவற்றை எந்த உயரத்தில் அறுப்பது என்பது ஒரு மாதமாக முடிவாகாமல் இருந்தது. அன்று முடிவு செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை தாமதத்துக்கும் காரணம் எங்கள் பழைய ஃபோர்மேன். இன்னும் சற்று நேரத்தில் அவர் வந்துவிடுவார். அவர் உண்மையில் எதற்காக வருகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

எங்கள் வீடு தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில் இருக்கிறது. கீழே கார் ஷெட், மேலே நானும் மனைவியும். சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள் வந்தபின் எங்கள் தெருவில் காரை வெளியே எடுப்பதே ஒரு நாள் வேலையாகிவிட்டதால் காரை விற்றுவிட்டோம். காலியான ஷெட்டில் ஒரு வேலைமேசை போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழுதான மின்விசிறி, மிக்ஸி, ஆட்டம் கண்ட நாற்காலி இவற்றை விடுமுறை நாளில் நிதானமாகப் பிரித்துப் பார்க்க ஓர் இடம். ஆனால் எனக்குக் கழுத்தெலும்பில் தேய்மானம். "குனிஞ்சு செய்யற வேலையை எல்லாம் விட்டுடுங்க. இல்லேன்னா கை விரல்லாம் மரத்துப் போகும்" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். என் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். கடையில் விற்கும் மேசைகள் எனக்குத் தொடைக்கு வரும். மேசை இரண்டு அங்குலம் தாழ்ந்தால்கூட அதன் பலனை என் கழுத்துதான் அனுபவிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஃபிட்டர்களுக்கு இதற்கென்று ஒரு முறை உண்டு. நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, முஷ்டியை முகவாய்க்கட்டைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது முழங்கை எங்கே நிற்கிறதோ அங்கே வைஸின் வாய் இருக்க வேண்டும். வைஸ் என்பது இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் கனமான கருவி. மேசையின் மேல் போல்ட் போட்டு உட்கார வைப்பார்கள். முழங்கை உயரத்திலிருந்து வைஸின் உயரத்தைக் கழித்தால் மேசையின் உயரம் கிடைத்துவிடும். எனக்கு அது முப்பத்தெட்டு அங்குலம். ஃபோர்மேன் வந்து டேப்பைப் பிரிக்கும்வரை இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

பொம்மனஹள்ளிப் பக்கம் பம்ப் பாகங்கள் செய்த தொழிற்சாலை ஒன்றில் அவர் உற்பத்திப் பிரிவின் ஃபோர்மேன், நான் தரப் பரிசோதகன். அவருக்கு எண்ணிக்கை வேண்டும், எனக்கு அளவு சரியாக இருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்ஸ்பெக்டர்" என்பார், போலீஸ்காரனைக் கூப்பிடுவதுபோல. அவர் பொய் சொல்லி நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அவரிடம் இருந்த ஆபத்தே அதுதான். ஒருமுறை அரை நூல் அளவு தடிமன் குறைந்த புஷ் வளையங்கள் எங்கோ கலந்துவிட்டன என்று தெரிந்து, "இந்த டிரேயில கழிச்ச பீஸ் இருக்கா சார்?" என்று கேட்டேன். "இந்த டிரேல இல்ல" என்றார். உண்மைதான். அவை அதற்கு அடியில் இருந்த டிரேயில் இருந்தன. நான் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "கீழ் டிரேயைப் பத்தி நீ கேக்கலியே இன்ஸ்பெக்டர். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அன்றிலிருந்து அவரிடம் கேள்விகளை யோசித்து, ஓட்டையில்லாமல் கேட்கக் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்றுப் போகும்வரை அவரும் கேள்விக்குள் அடங்கிய பதிலை மட்டுமே தந்துகொண்டிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தார். வேலைமேசை போடப் போவதைச் சொன்னேன். ரசம் ஊற்றுகிறவரை நிறுத்திவிட்டு, "எடம் எவ்ளோ? தரை மட்டமா? ஷட்டரா, கேட்டா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே, கையில் டேப்போடு வந்து நின்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பையில் தன் சொந்த வைஸைத் தூக்கிக்கொண்டு பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். "கண்டக்டர் பையைத் தூக்கிப் பாத்துட்டு, என்னா சாமி இதுன்னான். பேரப்புள்ள, தூங்குதுன்னேன்" என்று தானே சிரித்துக்கொண்டார். ஷட்டர் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வைஸை இரண்டு கைகளாலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்து வைத்தார். கருவி இருக்கும் இடத்தில் அவர் செருப்போடு நிற்க மாட்டார். "வச்சிக்கோ. சும்னே வீட்டுல கெடக்குது" என்றார். அவரிடமிருந்து சும்மா எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. அன்று மாலை நாட்குறிப்பில், "ஃபோர்மேன் வைஸ் கொடுத்தார். ஏன்?" என்று எழுதினேன்.

அளவெடுப்பதில் அவர் காட்டிய அக்கறை எனக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. செங்கல்களை அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் வைஸை வைத்து, ஒவ்வொரு வாரமும் ஒரு செங்கல் குறைத்தார். நான் நின்று பார்த்து, "எனக்குத் தாழ்வா இருக்கு சார்" என்பேன். "கொஞ்ச நாள்ல பழகிடும்" என்பார். "ஒசரமா வச்சா தோள்ல புடிச்சிக்கும். எறக்கு எறக்கு." பிறகு தானும் சுவரோரம் நின்று, முஷ்டியை முகவாய்க்கு முட்டுக்கொடுத்து, தன் முழங்கைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னார். அவர் ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார். "உங்க முழங்கை எதுக்கு சார்?" என்று கேட்டேன். "ஒரு கோடு கெடந்தா செவரு தேஞ்சா போயிடும்?" என்றார். அது பதில் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் நான் மேலிருந்து காபி எடுத்து வந்தபோது அவர் போனில் யாரிடமோ, "எடம் நல்லா இருக்குதுப்பா. ஒசரம்தான் பாத்துக்கினு இருக்கேன். ஆயுத பூஜைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதை எடுக்கப் போகிறார், எங்கிருந்து? மனைவியிடம் சொன்னேன். அவள் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லையென்றால் யாரையும் விட மாட்டாள். "ஏங்க, சுத்தி வளைக்காம நேரா கேளுங்களேன், இந்த மேசை யாருக்குன்னு" என்றாள்.

மறு வாரம் கேட்டேன். "சார், இந்த மேசை உயரம் யாருக்குப் பாக்கறீங்க?"

"எனக்குத்தான்" என்றார், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. கூச்சமோ பதற்றமோ முகத்தில் இல்லை. "நீ வாரத்துக்கு ஒருநா, ஒரு மணி நேரம் எறங்கி வருவே. ஃபேனைப் பிரிப்பே, மாட்டத் தெரியாம உக்காந்திருப்பே. நான் தெனம் வந்து நிப்பேன். யார் ஒசரத்துக்கு இருக்கணும், நீயே சொல்லு."

"இது என் வீடு சார்."

"யார் இல்லேன்னா? மேசை ஒசரத்தைத்தானே கேட்டே. வீட்டையா கேட்டே?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு மாதமாக என்னைச் சுற்றி வந்த புகைக்கு ஒரு வடிவம் கிடைத்ததில் நிம்மதியும் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். அவர் மகன் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறார். பால்கனியில் உட்கார்ந்து அரம் போட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவருடைய கருவிகள் ஒரு டிரங்க் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, தரையெல்லாம் துரு. ஆயுத பூஜைக்குள் அதை வேறு எங்காவது கொண்டுபோய்விட வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன் என்று மகன் சொல்லிவிட்டான். போனில் பேசியது அவனிடம்தான். "காலைல சாப்டதும் வெளிய கெளம்பிடுவேன். பஸ் ஸ்டாண்டுல போய் ஒக்காருவேன். எங்கயும் போவற பஸ்ஸு இல்ல எனக்கு. எவ்ளோ நாள் ஒக்கார்றது?" என்றார். கை வேலையில்லாத ஒரு மனிதருக்கு நிற்க ஓர் இடம். நியாயமாகத்தான் பட்டது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு நியாயமான ஒன்றை அவர் ஏன் முதல் நாளே கேட்கவில்லை?

இன்னொன்றும் இடித்தது. எங்கள் தொழிற்சாலையில் மேசைகளின் உயரத்தை உயரமான ஆளுக்குத்தான் வைப்போம். குள்ளமானவர்களுக்குக் காலடியில் மரச்சட்டம் அடித்த பலகை ஒன்றைப் போடுவோம். மேசையை ஆளுக்கு ஆள் அறுக்க முடியாது, ஆளைப் பலகையில் ஏற்றலாம். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே ஃபோர்மேன்தான். அந்தப் பிரிவிலேயே மிகவும் குள்ளமானவர் அவர். அவர் போகும் மேசைக்கெல்லாம் பலகையும் போகும். "பலகை வருது, ஃபோர்மேன் வரார்" என்று பின்னால் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு மாதமாகச் செங்கலை எடுத்து எடுத்து வைக்கிறார், பலகை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. நானே சொன்னேன். "முப்பத்தெட்டுலயே வெச்சிடலாம் சார். உங்களுக்கு அஞ்சு அங்குலத்துக்கு ஒரு பலகை அடிச்சுத் தரேன்."

"பலகையா? வீட்டுலபோய் எதுக்குப் பலகை? பேஜாரு" என்று வைஸைத் துடைக்கப் போய்விட்டார். ஐந்து நிமிட வேலைக்கு அவர் பேஜார் என்று சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று அவர் போன பிறகு சுவரில் இருந்த பென்சில் கோடுகளை டேப் வைத்துப் பார்த்தேன். அவர் முழங்கைக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு கோடு போட்டிருந்தோம். இரண்டு கோடுகள் ஒரே உயரத்தில் இருந்தன. மற்றொன்று முக்கால் அங்குலம் மேலே இருந்தது. அளவெடுத்தவன் நான். பென்சிலைச் சீவி, மூலமட்டத்தைச் சுவரில் வைத்துக் கோடு போட்டவன் நான். முக்கால் அங்குலம் என் கையில் தவறாது. ஒரு ஆளின் முழங்கை ஒரு வாரம் ஏறி மறு வாரம் இறங்காது. போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், அளவெடுக்கறப்போ முட்டியை மடக்கினீங்களா?" இல்லை என்றார். "குதிகாலைத் தூக்கினீங்களா?" இல்லை. "செருப்பு போட்டிருந்தீங்களா?" சிறிது கோபத்தோடு, "டூல்ஸ் முன்னாடி நான் என்னைக்குச் செருப்போட நின்னேன்? எல்லா வாட்டியும் கழட்டிட்டுத்தான் நின்னேன்" என்றார்.

அவர் போடுவது ரப்பர் செருப்பு. அதன் தடிமன் முக்கால் அங்குலம். கோடு செருப்போடு நின்றார் என்கிறது, அவர் இல்லை என்கிறார். அவ்வளவு ஆண்டுப் பழக்கத்தில் அவர் உண்மைக்கு மாறாகச் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது. எதற்காக? முக்கால் அங்குலத்தில் அவருக்கு என்ன லாபம்? மேலே போன கோடு எனக்குத்தான் சாதகம், அவருக்கு இல்லை. இந்தக் குழப்பத்தோடுதான் அந்தச் செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

ஒன்பதரைக்கு வந்தார். தெருவில் வரும்போதே பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, அகலமாகக் காலை வைத்து, ஈரத்தில் நடப்பவர்போல நடந்து வந்தார். ஷட்டர் கோட்டில் நின்றார். வலது காலை உதறினார், இடது காலை உதறினார், என்னைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வந்தார். "என்னா இன்ஸ்பெக்டர், மொறைக்கிறே. நைட்டு தூக்கம் வரலியா?"

"இன்னொரு தடவை அளவு எடுக்கணும் சார். சுவரோரம் நில்லுங்க."

நின்றார். முஷ்டியை முகவாயில் வைத்தார். மூலமட்டத்தை வைத்துக் கோடு போட்டேன். கோடு மேலே இருந்ததற்கும் போகாமல் கீழே இருந்ததற்கும் போகாமல் இரண்டுக்கும் சரியாக நடுவில் விழுந்தது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது காபியோடு இறங்கி வந்த மனைவி படியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, ஒரு கால்ல செருப்பு இருக்கே" என்றாள்.

வலது செருப்பு ஷட்டருக்கு வெளியே கிடந்தது. இடது செருப்பு அவர் காலில் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. சிரிக்க முயன்று, "அட" என்று சொல்லி, வெறும் காலை எடுத்து ஓரடி முன்னால் வைத்தார். நான் நாற்காலியிலிருந்து கழற்றி, தரையில் தவறவிட்டிருந்த ஸ்க்ரூ ஒன்று அவர் குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முனை உள்ளே போயிருந்தது. அவர் அதன் மேல் அழுத்தி நின்றபடி என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மனைவி காபியை மேசைக்கென்று வைத்திருந்த பலகையின் மேல் வைத்துவிட்டு, அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் ஸ்க்ரூவை எடுத்தேன். ஆழமில்லை, சொட்டாக ரத்தம் வந்தது. அவர் எதுவும் ஆகாதவர்போல் ஷட்டருக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி மருந்து எடுத்துவர மேலே ஓடினாள். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தபடியே சரியான கேள்வியை யோசித்தேன்.

"காலுல எது வரைக்கும் சார் உணர்ச்சி இருக்கு?"

என் கையிலிருந்த ஸ்க்ரூவை வாங்கிப் பார்த்தார். பிறகு, "கணுக்காலுக்குக் கீழ கரண்ட் கட்டு" என்றார். "சுகரு. வரும் வரும்னு பாத்தேன், வரலே."

"கம்பெனியில இருக்கறப்பவேவா?"

"கடைசி வருசம்."

கடைசி ஆண்டில் அவர் பலகையிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிப்போனது எனக்கு நினைவிருந்தது. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது என்றார்கள். எண்ணெயைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமில்லை; அப்போதே எனக்கு அது பொருந்தாமல் பட்டது. "அன்னைக்கு எண்ணெயா சார்?" என்றேன். "எண்ணெய்ன்னு நான் சொல்லலே. அவங்களே சொல்லிக்கினாங்க. என்னை யாரும் கேக்கலே." காலைப் பார்க்காமலே பேசினார். "பலகை ஓரம் எங்க முடியுதுன்னு காலுக்குத் தெரியல. மேசையில கை வச்சிக்கினு நின்னா எனக்குக் கால் எங்க இருக்குதுன்னு கையில தெரிஞ்சிடும். மேசை ஒசரமா இருந்தா கையை ஊன முடியாது, தொங்கத்தான் முடியும். அதான் எறக்கு எறக்குன்னேன். புரியுதா?"

புரிந்தது. புரிந்ததோடு பயமும் வந்தது. வாரம் ஆறு நாளும் நான் வேலைக்குப் போய்விடுவேன். மனைவி மேலே இருப்பாள். கீழே, இரும்புத் தூளும் பிசிறும் விழும் தரையில், தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர் தனியாக நிற்பார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொன்னால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்காருவார். டிரங்க் பழைய இரும்புக்காரனுக்குப் போகும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஷட்டருக்கு வெளியே கிடந்த செருப்பை எட்டி எடுக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

"பையனுக்குத் தெரியுமா?"

"அவன் எங்க கேட்டான்?"

மருந்தோடு வந்த மனைவி இதைக் கேட்டாள். கட்டுப் போட்டு முடித்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் பேசினாள். "எனக்குச் சமையல் மேடை போட்டப்போ மேஸ்திரி யாரைக் கேட்டான்? குனிஞ்சு குனிஞ்சு எனக்கும்தான் கழுத்து வலி. மேடையை இடிச்சா கட்டினேன்? இட்லிப் பானையைக் கவுத்து வெச்சு, அது மேல பலகை போட்டுத்தான் நறுக்கறேன். அவருக்குக் கீழ ஏத்தக் கூடாது, அவ்வளவுதானே. உங்களுக்கு மேல ஏத்திக்கோங்க." அத்தனை ஆண்டுகளாக அவள் இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் உலர வைப்பதாகவே நினைத்திருந்தேன்.

ஆகவே மேசை அவர் உயரத்துக்கு. நான் வேலை செய்யும் ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் நான்கு அங்குலத்தில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் மேல் என் வேலை. கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை. ஆனால் என் நிபந்தனைகளை அடுக்கினேன். தடித்த அடியுள்ள மூடிய ஷூ போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்றதும் அவர் எழுந்தே விட்டார்.

"டூல்ஸ் முன்னாடி ஷூவா? அதெல்லாம் ஆவாது."

"கம்பெனியில முப்பது வருஷம் ஷூ போட்டுத்தானே சார் நின்னீங்க?"

"அது கம்பெனி ஷூ, கம்பெனி டூல்ஸ். இது எங்கூடப் பொறந்தது மாதிரி. சாமி முன்னாடி செருப்போட நிப்பியா நீ?"

"புது ஷூ. இங்கேயே இருக்கும். ரோட்டைப் பாக்காது. இந்தத் தரையைத் தவிர வேற தரையில படாது" என்றேன்.

யோசித்தார். "பூஜைக்கு அதுக்கும் பொட்டு வெக்கணும்" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். "சந்தனமே வெக்கறேன் அண்ணா."

தினமும் வேலைக்கு முன் என் மனைவியிடம் இரண்டு உள்ளங்கால்களையும் காட்ட வேண்டும் என்றதற்கு, "காலுக்கும் இன்ஸ்பெக்‌ஷனா? இவன் ரிட்டையர் ஆக மாட்டான் தங்கச்சி" என்று முனகினார். ஆனால் மறுக்கவில்லை. மகனிடம் சொல்ல வேண்டும் என்றதற்கு, "கேட்டா சொல்றேன்" என்றார். "நான் கேக்க வைக்கறேன்" என்றேன். மகன் தன்னை வெளியே போகவே விட மாட்டான் என்ற பயம் அவர் முகத்தில் முதல்முறையாகத் தெரிந்தது. ஷூவின் அடித்தடிமனுக்கு ஓர் அங்குலம் சேர்த்து, மேசை உயரம் முப்பத்து நான்கு அங்குலம் என்று சுவரில் எழுதினேன்.

எல்லாம் முடிந்த மாதிரி இருந்தபோது எனக்கு ஒரு கேள்வி தோன்றியது. இருபது ஆண்டுகள் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "சார், நான் கேக்காதது வேற ஏதாவது இருக்கா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேக்கக் கத்துக்கினே" என்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு இருக்குது. டிரங்க்கு" என்றார்.

"டிரங்க்குக்கு என்ன?"

"தெருமொனை டீக்கடையில வச்சிருக்கேன். காலைல ஆட்டோல எடுத்தாந்தேன். நீ ஒத்துக்கினா உள்ள, இல்லேன்னா அப்படியே திருப்பி எடுத்துப் போயிடலாம்னு."

நானும் டீக்கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். அவர் வைஸின் மேல் கையை ஊன்றி நின்று, எங்கே வைக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு போட்டார். மாலையில் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். வழி முழுதும் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். "என்னா, களவாணியைக் கூட்டிப் போற மாதிரி வரே" என்றார். இன்றுவரை அவரை நான் முழுவதும் நம்புவதில்லை. அவருக்கும் அது தெரியும். அதில் எங்கள் இருவருக்கும் ஒரு வசதி இருக்கிறது.

அன்று இரவு நாட்குறிப்பில் மறுநாள் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதினேன். ஒன்று, அவர் மகனுக்கு போன் செய்வது. இரண்டு, அவன் சம்மதித்தால் கால்களை முப்பத்து நான்கு அங்குல உயரத்துக்கு அறுப்பது, மறுத்தால் முப்பத்தெட்டு. அதுதான் சரியான வரிசை. அறுத்த மரத்தை ஒட்ட முடியாது. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தாழ்வான மேசையும் என் கழுத்தும்தான் மிச்சம்.

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். நேராகக் கீழே போய் ஷட்டரைத் தூக்கினேன். முப்பத்து நான்கிலிருந்து மேல்பலகையின் தடிமனைக் கழித்து, முப்பத்திரண்டரை அங்குலத்தில் நான்கு கால்களிலும் கோடு போட்டேன். ரம்பத்தை எடுத்து முதல் காலை அறுத்தேன். பிறகு மற்ற மூன்றையும் அறுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மகனை அழைத்தேன்.